அப்பாவோட பழைய அலேசிஸ் எச்ஆர்-16, உள்ள இருக்குற பேட்டர்ன் எல்லாம் காப்பாத்த முடியுமா?

மலர்_திண்டுக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிருவேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க.

எங்க அப்பா லைட் மியூசிக் குழுவுல இருந்தாங்க. முதல்ல டிரம்ஸ், அப்புறம் 1991ல இருந்து ரிதம் பாக்ஸ், அதாவது டிரம்ஸ் சத்தம் குடுக்குற எலக்ட்ரானிக் மெஷின், அதுல நம்மளே பதிஞ்சு வைக்கிற தாளம்தான் பேட்டர்ன். அந்த மெஷின் அலேசிஸ் எச்ஆர்-16, சாம்பல் கலரு, பர்மா பஜார்ல செகண்ட் ஹேண்டா வாங்குனது. குழு ஓனர் பணம் கட்டிட்டு கச்சேரிக்கு 100 ரூபான்னு அப்பா சம்பளத்துல பிடிச்சுக்கிட்டாராம், அடைச்சு முடிக்க ரெண்டு சீசன் ஆச்சுன்னு அம்மா சொல்லுவாங்க. கோயில் திருவிழா, கல்யாணம், பொருட்காட்சின்னு சுத்துனாங்க. அப்புறம் எல்லா இடத்துலயும் மைனஸ் ஒன் டிராக் (பாடகர் குரல் இல்லாத ரெக்கார்டு இசை) போட்டு பாட ஆரம்பிச்சதும் குழு கலைஞ்சிருச்சு. 2004ல மெஷின ஒரு பழைய லுங்கில சுத்தி பரண்ல வச்சாங்க, அதுக்கப்புறம் அத பத்தி பேசுனதே இல்ல. அப்பாக்கு இப்ப 68.

போன மாசம் வீடு வெள்ளையடிக்கிறப்ப எடுத்தேன். கூடவே ஒரு 80 பக்க நோட்டு. அதுல வரிசையா அப்பா கையெழுத்துல இப்படி இருக்கு: "41 – 6 – 108 – பல்லவி", அதுக்கு கீழ "42 – சரணம் – டோ", அதுக்கு கீழ "43 – திருப்பு". பாட்டு பேரு பாதிக்கு மேல கிடையாது. எழுதாத பக்கமே இல்ல, ஓரத்துலயெல்லாம் பென்சில்ல அடிச்சு அடிச்சு திருத்தி வச்சிருக்காங்க.

என் பிரச்சனை இதுதான். அடாப்டர் இருக்கு, ஆனா அதுல 120 வோல்ட்னு போட்டிருக்கு, அதனால நான் சொருகவே இல்ல. இங்க ஒரு கடையில காமிச்சேன், அவரு பாத்துட்டு உள்ள பேட்டரி போயிருக்கும், கழட்டி புதுசு போட்டு ரீசெட் பண்ணி தரேன், 9 வோல்ட் அடாப்டர் நானே தரேன்னாரு. ரீசெட்னா உள்ள இருக்குறது அழிஞ்சிருமான்னு கேட்டேன், அதுல என்னம்மா இருக்கப்போவுது பழைய டப்பான்னாரு. எனக்கு மனசு கேக்கல, திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன்.

அப்பா போட்ட பேட்டர்ன் எல்லாம் இன்னும் அதுக்குள்ள இருக்குமா? இருந்தா எப்படி வெளிய எடுக்குறது? எனக்கு கீபோர்டு கொஞ்சம் தெரியும், லேப்டாப் இருக்கு, எலக்ட்ரானிக்ஸ் சுத்தமா தெரியாது.


ஈயப்பத்து:

திருப்பி வாங்கிட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் நீங்க பண்ணதுலயே பெரிய காரியம். ரீசெட் பண்ணியிருந்தா அத்தோட போச்சு, யாராலயும் மீட்க முடியாது.

விஷயம் இதுதான் சகோ. எச்ஆர்-16ல சவுண்டு எல்லாம் ரோம் சிப்ல (கரண்ட் இல்லன்னாலும் அழியாத மெமரி) இருக்கு, அது மொத்தம் 49, அது எங்கயும் போகாது. ஆனா நம்ம போடுற பேட்டர்ன், சாங், டியூனிங், மிக்ஸ் இதெல்லாம் ரேம்ல (கரண்ட் போனா அழியுற மெமரி) இருக்கு. கரண்ட் இல்லாத நேரத்துல அந்த ரேம உயிரோட வச்சிருக்குறது போர்டுல சால்டர் பண்ணியிருக்குற ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. அத கழட்டுன அந்த நொடியே எல்லாம் காலி. இவ்வளவு வருஷம் ஆயிருச்சே செத்திருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அந்த ரேம் இழுக்குற கரண்ட் ரொம்ப ரொம்ப கம்மி, நான் பாத்த பழைய மெஷின் சிலதுல 30 வருஷம் தாண்டியும் பேட்டரி தாக்குப்பிடிச்சு நின்னிருக்கு. அதனால இல்லன்னு முடிவு பண்ணிராதீங்க.

இப்ப அடாப்டர். இத ரொம்ப கவனமா படிங்க. அந்த 120 வோல்ட் அடாப்டர நம்ம வீட்டு 230ல நேரா சொருகுனீங்கன்னா அது அங்கயே எரிஞ்சிரும். அப்பா அந்த காலத்துல ஸ்டெப் டவுன் (வோல்டேஜ் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) வச்சு ஓட்டியிருப்பாங்க. அதவிட முக்கியம், எச்ஆர்-16க்கு வேணும்ங்கிறது 9 வோல்ட் ஏசி. டிசி கிடையாது. கடைக்காரர் தரேன்னு சொன்ன 9 வோல்ட் அடாப்டர் பெரும்பாலும் டிசியாத்தான் இருக்கும், கீபோர்டுக்கும் கிட்டார் பெடலுக்கும் போடுறது எல்லாம் டிசி. இந்த மெஷின் உள்ள வர்ற ஏசியில இருந்துதான் பிளஸ் ஒரு சப்ளை மைனஸ் ஒரு சப்ளைன்னு பிரிச்சு எடுத்துக்கும், டிசி குடுத்தா அது நடக்காது. டிஸ்ப்ளேல வெளிச்சம் வந்தாக்கூட சவுண்டு வராது, இல்ல ஏதாவது சூடாகும். மெஷின் பின்னாடி பவர் ஜாக் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு டார்ச் அடிச்சு ஒரு தடவை பாத்துக்கங்க.

செய்ய வேண்டியது: 230 உள்ள வாங்கி 9 வோல்ட் ஏசி வெளிய குடுக்குற அடாப்டர், 1 ஆம்பியர், ஆன்லைன்ல தேடுனா கிடைக்கும். கிடைக்கலன்னா எலக்ட்ரானிக்ஸ் கடையில 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர் 1 ஆம்பியர்னு கேளுங்க, நடு வயரையும் ஓரத்து வயர் ஒண்ணையும் எடுத்தா 9 வோல்ட் ஏசி. ஆனா இத நீங்களே பண்ண வேண்டாம், மெயின்ஸ் கரண்ட் விஷயம், தெரிஞ்ச எலக்ட்ரீசியன்கிட்ட ஃபியூஸ் வச்சு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள அடைச்சு வாங்கிக்கங்க. பின் அளவுக்கு மெஷினையே கையோட கொண்டு போங்க. ஏசிங்கிறதால பிளஸ் எது மைனஸ் எதுன்னு குழப்பம் கிடையாது.

ஆன் பண்ணதும் எந்த பட்டனையும் அவசரப்பட்டு அமுக்காதீங்க. முக்கியமா இன்டர்நெட்ல பட்டன் ரெண்ட அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணுன்னு ஒரு ரீசெட் வழி சொல்லியிருப்பாங்க, அது பக்கமே போகாதீங்க. 41வது பேட்டர்னுக்கு போய் ப்ளே மட்டும் அமுக்குங்க. வந்து சொல்லுங்க.


பீட்_பெட்டி:

தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு கருத்து. நானும் பீட் பண்றவன்தான். எச்ஆர்-16 சவுண்டு முழுக்க வேவ் ஃபைலா இன்டர்நெட்ல கிடைக்குது, லேப்டாப்ல ஒரு சாம்ப்ளர்ல போட்டா அதே சவுண்டு. அந்த பட்டன் வேலை செய்யாது, ஸ்லைடர் கரகரன்னும், பேட்டரி, அடாப்டர்னு செலவு பண்ணிக்கிட்டே இருக்கணும். நோட்டுல இருக்குறத வச்சு புதுசா புரோகிராம் பண்ணிக்கலாமே? நேரம் மிச்சம்.


ஈயப்பத்து:

சவுண்டு கிடைக்கும், ஒத்துக்கிறேன். ஆனா அவங்க சவுண்ட கேக்கல, அவங்க அப்பா கை வேலைய கேக்குறாங்க. அது உலகத்துல ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு, அந்த ரேம்ல. நோட்டுல "41 – 6 – 108"ன்னுதான் இருக்கு, 6 அட்சரம், டெம்போ 108, அவ்வளவுதான் தெரியும். கிக் (கால்ல மிதிக்கிற பெரிய டிரம்) எங்க, ரிம் (டிரம் ஓரத்துல தட்டுறது) எங்க, எத எவ்வளவு பலமா அடிச்சாரு, எதுவும் நோட்டுல இல்ல. எச்ஆர்-16ல விரலால தட்டுற பட்டன், அதாவது பேட், 16ம் கை பலத்த உணரக்கூடியது, மெதுவா தட்டுனது மெதுவாவே பதிஞ்சிருக்கும். இத எத வச்சு திரும்ப புரோகிராம் பண்ணுவீங்க?

இன்னொண்ணும் சொல்றேன், இந்த மெஷின் எதுக்கு ஒரு சின்ன ஊரு குழு கைக்கு வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. நிஜ டிரம் சவுண்ட ரெக்கார்டு பண்ணி சிப்ல போட்டு வந்த முதல் மெஷின் 1980ல ராஜர் லின் பண்ண எல்எம்-1. விலை 5000 டாலருக்கு ஒட்டி. மொத்தமே 500 சொச்சம்தான் வித்துச்சு. அவ்வளவு விலை குடுத்தும் அதுல கிராஷ் சிம்பல் கிடையாது, ஏன்னா சிம்பல் சத்தம் நீளமா இழுக்கும், அதுக்கு மெமரி சிப் நிறைய வேணும், அன்னைக்கு சிப் விலை அப்படி. 1982ல லின்டிரம் வந்தப்பதான் கிராஷும் ரைடும் சேந்துச்சு, விலை 3000 டாலருக்கு இறங்குச்சு. அப்புறம் 1987ல அலேசிஸ் இந்த எச்ஆர்-16ஐ 449 டாலருக்கு விட்டுச்சு, அதுவும் 16 பிட் சாம்பிள், கிராஷ் முழு நீளத்துக்கு இழுக்கும், நாலு அவுட்புட். ஏழு வருஷத்துல பத்துல ஒரு பங்கு விலை. பெரிய ஸ்டுடியோக்காரங்க மட்டும் வச்சிருந்த ஒண்ண கச்சேரிக்கு 100 ரூபான்னு அடைச்சு ஒரு டிரம்மர் சொந்தமாக்கிக்க முடிஞ்சது அதனாலதான். இத பழைய டப்பான்னு ஒருத்தர் சொல்றப்ப எனக்கு வலிக்குது.


பீட்_பெட்டி:

சரி, நீங்க சொன்னது நியாயம். பேட்டர்ன் விஷயத்த நான் யோசிக்கல. மலர், ஒரு உதவி நான் பண்ண முடியும், லேப்டாப்ல எடுக்குற பக்கம் எனக்கு நல்லா தெரியும். மெஷின் ஆன் ஆனதும் சொல்லுங்க.


மலர்_திண்டுக்கல்:

ஆன் ஆயிருச்சு!! 9 நாள் ஆச்சு அடாப்டர் வர. டிஸ்ப்ளே வந்துச்சு, 41க்கு போயி ப்ளே அமுக்குனேன், ஓடுது. எனக்கு கையெல்லாம் நடுங்கிருச்சு. ஹெட்போன்லதான் கேட்டேன் அப்பாக்கு தெரியாம. ஆனா ரெண்டு சந்தேகம், பேட்ல பாதிதான் வேலை செய்யுது, அப்புறம் பேட்டர்ன் எல்லாம் ஒரு மாதிரி காலியா இருக்கு. 41ல கிக் வருது, ரிம் வருது, ஹைஹேட் (ஜோடி சிம்பல்) வருது, ஆனா 5வது 6வது தட்டுல ஒண்ணுமே இல்ல, ஓட்டை விழுந்த மாதிரி. 58லயும் அப்படித்தான். மெமரி பாதி அழிஞ்சு போச்சா?


பீட்_பெட்டி:

செம! இப்ப எதையும் தொடாம முதல்ல வெளிய எடுத்துருவோம். மூணு வழி இருக்கு, மூணையும் பண்ணுங்க, ஒண்ணு தப்புனா ஒண்ணு கை குடுக்கும்.

ஒண்ணு, டேப். அந்த காலத்துல கேசட்ல சேவ் பண்றதுக்குன்னே பின்னாடி டேப் அவுட்னு ஒரு ஜாக் இருக்கு. அதுல இருந்து லேப்டாப் ஆடியோ இன்புட்டுக்கு வயர் போட்டு, ரெக்கார்டிங் ஓட விட்டுட்டு மெஷின்ல டேப் சேவ் குடுங்க. பழைய ஃபேக்ஸ் மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், அதுதான் மொத்த மெமரியும். வேவ் ஃபைலா மட்டும் வைங்க, எம்பி3 பண்ணாதீங்க, வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, சுருக்குறப்ப அந்த சத்தத்துல இருக்குற தகவல் கெட்டுப்போகும். நாய்ஸ் குறைக்கிற செட்டிங், தானா வால்யூம் ஏத்தி இறக்குற செட்டிங் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருங்க. மூணு தடவை மூணு லெவல்ல எடுத்து வைங்க.

ரெண்டு, மிடி டம்ப். மிடின்னா இசைக்கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற மொழி, டம்ப்னா மெமரிய மொத்தமா அனுப்புறது. மெஷினோட மிடி அவுட்ல இருந்து யூஎஸ்பி மிடி கேபிள் வழியா லேப்டாப்புக்கு. விண்டோஸ்னா மிடி-ஆக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர், அதுல சிஸ்எக்ஸ் (மெஷினோட உள் டேட்டா) ரிசீவ் வச்சுட்டு மெஷின்ல இருந்து அனுப்புங்க. இங்க ஒரு விஷயம், ரொம்ப சீப்பா கிடைக்கிற மிடி கேபிள்ல பாட்டு வாசிக்க முடியும், ஆனா இந்த மாதிரி நீளமான டேட்டா வந்தா நடுவுல முழுங்கிரும், முழுங்குனதுன்னு சொல்லவும் செய்யாது. அதனால ரெண்டு தடவை எடுத்து ரெண்டு ஃபைலோட சைசும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. வித்தியாசம் இருந்தா கேபிள் சரியில்ல, யாருகிட்டயாவது நல்ல இன்டர்ஃபேஸ் கடன் வாங்குங்க.

மூணு, இதுதான் ரொம்ப நாளைக்கு உதவும். பேட்டர்ன் ஓடுறப்ப மெஷின் மிடி நோட்டும் அனுப்பும். லேப்டாப்ல ரீப்பர் மாதிரி ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல இருந்து கிளாக் (வேகத்த ஒண்ணா வைக்கிற சிக்னல்) அனுப்பி, மெஷின மிடி கிளாக்குக்கு மாத்தி, ஒவ்வொரு பேட்டர்னா ஓட விட்டு ரெக்கார்டு பண்ணுங்க. மொத்தம் 100 பேட்டர்ன் இடம் இருக்கு, ரெண்டு சாயங்காலம் பிடிக்கும். இப்படி எடுத்தா நாளைக்கு இந்த மெஷினே இல்லன்னாலும் அப்பா அடிச்சது எந்த சாஃப்ட்வேர்லயும் தொறக்கும். தயவுசெஞ்சு குவான்டைஸ் (தட்டு எல்லாத்தையும் கணக்கா தாளத்துல இழுத்து வைக்கிறது) மட்டும் போட்டுறாதீங்க, லேப்டாப் கேக்கும், வேண்டாம்னு சொல்லுங்க. உங்கப்பா மெஷின்ல குவான்டைஸ் ஆஃப் பண்ணி அடிச்சிருந்தா அந்த கொஞ்சம் முன்ன பின்ன இருக்குறதுதான் அவரு கை.

ஓட்டை விஷயம் எனக்கு புரியல. மெமரி கெட்டா இப்படி ரெண்டு தட்டு மட்டும் அழகா காணாம போகாது, கன்னாபின்னான்னு எழுத்து வரும், இல்ல மொத்தமா அழிஞ்சிருக்கும்.


டோலக்_திருச்சி:

இத்தனை நாள் படிச்சுக்கிட்டு இருந்தேன், இந்த ஓட்டைன்னு எழுதுனத பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

அம்மாடி, அது ஓட்டை இல்ல. அது எங்க இடம்.

நான் 1988ல இருந்து 2006 வரைக்கும் கச்சேரியில டோலக் வாசிச்சவன், வேற குழு, உங்கப்பாவ எனக்கு தெரியாது. ஆனா ரிதம் பாக்ஸ் வச்சிருந்த நல்ல ஆளுங்க எப்படி பேட்டர்ன் போடுவாங்கன்னு பக்கத்துலயே உக்காந்து பாத்தவன். ரிதம் பாக்ஸ் முதல்ல வந்தப்ப எங்களுக்கு பயம்தான். டிரம்ஸ் செட்டுக்கு வேன்ல இடம் வேணாம், மைக் நாலு மிச்சம், ஆளும் மிச்சம்னு சில குழுவுல டிரம்மர நிறுத்திட்டாங்க, அடுத்து தபலா, டோலக்குன்னு வந்து நிக்கும்னு நெனச்சோம். சில பேரு அப்படித்தான் பண்ணாங்க, தபலா மாதிரி சத்தம் வரணும்னு காங்காவ டியூன் ஏத்தி இறக்கி எல்லாத்தையும் பாக்ஸ்லயே அடைச்சு வச்சாங்க. பாட்டு மூச்சு விடாது. ஆனா டிரம்ஸ்ல இருந்து வந்தவங்க சில பேரு வேற மாதிரி போட்டாங்க. கிக், ரிம், ஹேட் இத மட்டும் முதுகெலும்பு மாதிரி நிறுத்திட்டு, டோலக்கும் தபலாவும் பேச வேண்டிய இடத்துல கைய எடுத்துருவாங்க. நோட்டுல "42 – சரணம் – டோ"ன்னு இருக்குன்னு சொன்னியே, அந்த டோன்னா என்னன்னு நெனச்ச? டோலக்மா. சரணத்துல டோலக் தூக்கி வாசிக்கும், பாக்ஸ் அடங்கணும்னு எழுதி வச்சிருக்காரு. "திருப்பு"ன்னா சரணம் முடிஞ்சு பல்லவிக்கு திரும்புற இடம், அங்க டாம்ல ஒரு உருட்டு இருக்கும், போட்டுப் பாரு.

6 அட்சரத்துல 5ம் 6ம் காலியா விட்டா அங்க டோலக்குல கும்கி (உள்ளங்கைய அழுத்தி இழுக்குற கும்முங்கிற சத்தம்) இழுத்து அடுத்த ஒண்ணுல கொண்டு போய் விழுந்தா கூட்டம் தன்னால கால தட்டும். மெஷின் கும்கி இழுக்காது. அது தெரிஞ்ச ஆளு உங்கப்பா.

இன்னொரு விஷயமும் ஞாபகம் வருது. மெஷினுக்கு டெம்போ மாறாது, பாடகர் மனுஷன், கூட்டம் விசிலடிச்சா வேகமாயிருவாரு. அப்ப பாக்ஸ்காரர் காலுக்கு கீழ ஃபுட் சுவிட்ச் இருக்கும், எச்ஆர்-16லயும் அதுக்கு ஜாக் உண்டு, பாட்டு தடம் மாறுச்சுன்னா ஒரு மிதி மிதிச்சு நிறுத்திருவாரு, நாங்க ரெண்டு ஆவர்த்தம் கையால தாங்குவோம், பாடகர் நெலைக்கு வந்ததும் சரியா ஒண்ணுல மறுபடி மிதிப்பாரு. வெளிய கேக்குற யாருக்கும் பாக்ஸ் நின்னதே தெரியாது. அந்த மிதிதான் வித்தை. அத எந்த ஃபைல்லயும் எடுக்க முடியாது, அப்பாகிட்ட கேட்டுக்க.

தயவுசெஞ்சு அந்த காலி இடத்த ரொப்பிறாதீங்க.


பீட்_பெட்டி:

ஐயா, நான் அத ரொப்பித்தான் இருப்பேன். சொன்னதுக்கு நன்றி.


ஈயப்பத்து:

ஐயா எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன்.

மலர், வேலை செய்யாத பேட் பத்தி. பேக்கப் மூணும் எடுத்து முடிச்ச பிறகுதான் இத தொடணும். ரப்பர் பட்டனுக்கு அடியில கருப்பா கார்பன் இருக்கும், அது போர்டுல இருக்குற தடத்த தொட்டாத்தான் பட்டன் வேலை செய்யும். 20 வருஷம் பரண்ல இருந்ததுல தூசியும் எண்ணெய் பிசுக்கும் படிஞ்சிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால், மெடிக்கல்லயும் மொபைல் சர்வீஸ் சாமான் விக்கிற கடையிலயும் கிடைக்கும், அத பட்ஸ்ல தொட்டு போர்டு பக்கத்த துடைங்க. கார்பன் பக்கம் ரொம்ப லேசா, அழுத்தி தேச்சா கார்பனே வந்துரும். பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. ஸ்லைடர் கரகரன்னா காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு 20 தடவை மேல கீழ இழுங்க.

பேட்டரிய தெரிஞ்ச மொபைல் சர்வீஸ்காரர்கிட்ட கூடவே நின்னு மாத்துங்க. மெஷின் ஆஃப்ல இருக்கறப்ப மீட்டர் வச்சு பாத்தா 3 வோல்ட்டுக்கு பக்கத்துல இருந்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடும், 2.5க்கு கீழன்னா உடனே மாத்தணும். மாத்துறப்ப நேரா சால்டர் பண்ண வேண்டாம், ஒரு சிஆர்2032 ஹோல்டர் வச்சு கேளுங்க, அடுத்த தடவை நீங்களே வாட்ச் பேட்டரி மாதிரி மாத்திக்கலாம். மாத்துனதும் மெமரி காலியாத்தான் இருக்கும், பயப்படாதீங்க, டம்ப் ஃபைல திருப்பி அனுப்புங்க.


மலர்_திண்டுக்கல்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாரும் மன்னிச்சுக்கங்க, ஆபீஸ் வேலை.

டேப் சத்தம் எடுத்துட்டேன். மிடி டம்ப் முதல் கேபிள்ல ரெண்டு ஃபைல் ரெண்டு சைஸ்ல வந்துச்சு, நீங்க சொன்ன மாதிரியே. சர்ச்ல கீபோர்டு வாசிக்கிற ஒரு அண்ணன்கிட்ட இன்டர்ஃபேஸ் கடன் வாங்கி எடுத்தேன், மூணு தடவையும் ஒரே சைஸ். அப்புறம் ஒவ்வொரு பேட்டர்னா ரீப்பர்ல. 100ல 73ல ஏதாவது இருந்துச்சு. பேட்டரி 2.7 காட்டுச்சு, ஹோல்டர் போட்டு மாத்தி ஃபைல திருப்பி ஏத்தியாச்சு, 41 அப்படியே வந்துருச்சு. பேட் துடைச்சதுல ரெண்ட தவிர எல்லாம் வேலை செய்யுது.

பேட்டரி மாத்துற அன்னைக்கு முன்னாடி நாள்தான் அப்பாகிட்ட சொன்னேன். ஹெட்போன் வேணாம்னு ஸ்பீக்கர்ல போட்டேன். நாற்காலிய இழுத்துப்போட்டு உக்காந்து ஒண்ணும் பேசாம 41, 42, 43 வரிசையா கேட்டாங்க. டோலக் ஐயா எழுதுனத படிச்சுக் காமிச்சேன். அப்புறம் அந்த காலி இடம் வர்றப்பல்லாம் அப்பா வலது கை தொடையில இழுக்குது, அவங்களுக்கே தெரியாம. எங்க குழுவுல டோலக் வாசிச்சவரு இடது கைக்காரரு, அவரு கும்கி கொஞ்சம் பிந்தி விழும், அதனால 6வதோட கடைசியில ஹேட்ட கூட எடுத்துட்டேன்னு சொன்னாங்க. ரீப்பர்ல பாத்தேன், நிஜமாவே மத்த பேட்டர்ன்ல எல்லாம் அங்க ஒரு ஹேட் இருக்கு, 41லயும் 58லயும் மட்டும் இல்ல. அவரு இறந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சாம்.

நோட்டுல பேரு இல்லாத பாட்டுக்கு பேட்டர்ன் ஓட விட்டா அப்பா பாட்டு பேர சொல்லிறாங்க. சிலதுக்கு ரெண்டாவது தட்டுலயே சொல்லிறாங்க. நான் பென்சில்ல எழுதிக்கிட்டு வர்றேன், 29 ஆச்சு. 66க்கு மட்டும் ஞாபகம் வரமாட்டேங்குது, தினமும் காலையில காப்பி குடிச்சதும் அத ஒரு தடவை போடச் சொல்றாங்க.

ஃபுட் சுவிட்ச் பத்தி கேட்டேன். பழசு தொலைஞ்சு போச்சு, புதுசு ஒண்ணு வாங்கித் தான்னு சொல்லியிருக்காங்க. எந்த மாதிரி வாங்கணும் ஈயப்பத்து அண்ணா?


ஈயப்பத்து:

கீபோர்டு சஸ்டெயின் பெடல் மாதிரி அமுக்குனா சேர்ற சாதா சுவிட்ச் போதும், அமுக்கி விட்டா தானா திரும்பி வர்றது. மிதிச்சா அப்படியே நிக்கிற வகை வேண்டாம். வாங்குனதும் ஒரு தடவை சொருகிப் பாருங்க, மிதிக்கிறப்ப ஸ்டார்ட் ஆகாம கால எடுக்குறப்ப ஆச்சுன்னா பெடல் உல்டா வகை, சில பெடல்ல அடியில ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும் அத மாத்தி விட்டா சரியாயிரும். கனமா இரும்புல இருக்குறத வாங்குங்க, பிளாஸ்டிக்னா மிதிக்கிறப்ப நகந்துக்கிட்டே போகும்.


டோலக்_திருச்சி:

பிந்தி விழுற கும்கிக்கு ஒரு ஹேட்ட எடுத்து விட்ட மனுஷன நான் பாக்கணும். அப்பாக்கு என் வணக்கத்த சொல்லு.

41ஐ 108லயே வச்சு ஒரு மூணு நிமிஷம் ரெக்கார்டு பண்ணி இங்க போடுமா, வேவ்ல. நான் அதுமேல வாசிச்சு திருப்பி அனுப்புறேன். பாட்டு என்ன ஸ்ருதியில பாடுவாங்கன்னு மட்டும் அப்பாகிட்ட கேட்டு சொல்லு, டோலக் கயிற இறுக்கி வைக்கணும், ரொம்ப நாளா தொடல.